மாதக் கணக்கு பொய் சொல்லும்

வாசகர் கேள்விகளுக்கு ஒரு முன்னாள் செக்ரோல் கிளாக்கரின் பதில்கள்

ஐம்பது வயதில் தோட்ட அலுவலக வேலையை விட்டு வந்த கதையைச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். தோட்டத் தொழிலாளரின் வேலைநாளையும் சம்பளத்தையும் பதியும் செக்ரோல் புத்தகத்தை எழுதுவதுதான் என் வேலை. 1991இல் சேர்ந்து 2018 கடைசியில் விட்டேன். படுக்கையில் விழுந்துவிட்ட அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதுதான் காரணம். இப்போது இலங்கை மலைநாட்டில் கொட்டகலைப் பக்கம் 12 பேர்ச்சஸ் நிலத்தில் ஒரு சிறிய வீடு, நான், தொழிற்சாலையில் எலக்ட்ரீசியனாக இருந்து ஓய்வு பெற்ற என் வீட்டுக்காரர். அம்மா போய் மூன்று வருடமாகிறது.

வந்த கடிதங்களில் பாதி, "எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று கேட்கின்றன. மீதி, "மொத்தமாக எவ்வளவு கிடைத்தது?" என்று கேட்கின்றன. இரண்டாவது வகையில் மூன்று கடிதங்கள் என் சொந்தக்காரர்களுடையவை. அவர்களுக்கு இங்கே பதில் கிடையாது.

கேள்வி: தேயிலைத் தொழிற்சாலையில் 28 வருடங்களாக வேலை செய்கிறேன். வயது 52. கடைசிச் சம்பளம் 60,000 ரூபாய். முழங்கால் வலியால் இரவு வேலை செய்ய முடியவில்லை. வேலையை விட்டால் சேமலாப நிதி (ஈ.பி.எஃப்), நம்பிக்கை நிதி (ஈ.டி.எஃப்), சேவைக்காலப் பணம் (கிராஜுவிட்டி) எல்லாம் சேர்த்து 40 இலட்சம் வரும். வங்கியில் போட்டுவிட்டு வட்டியில் வாழலாம் என்கிறேன். மனைவி பயப்படுகிறார். யார் சொல்வது சரி?
(மஸ்கெலியாவிலிருந்து ஒருவர்)

பதில்: உங்கள் மனைவி சொல்வதுதான்.

ஐயா, முதலில் வயதைப் பார்ப்போம். ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதில் எடுக்கலாம், ஆண்கள் 55 வயதில்தான் எடுக்கலாம். நிரந்தரமாக நாட்டை விட்டுப் போகிறவர்கள், இனி வேலையே செய்ய முடியாது என்று வைத்தியர் சான்று தருகிறவர்கள் என்று சில விதிவிலக்குகள் உண்டு. மற்றபடி 52 வயதில் நீங்கள் வேலையை விட்டாலும் அந்தப் பணம் இன்னும் மூன்று வருடம் உங்கள் பெயரில் அங்கேயேதான் இருக்கும். நாற்பது இலட்சத்தில் பெரிய துண்டு அதுதான். எனக்கு 50இல் கிடைத்ததைப் பார்த்து நீங்களும் கணக்குப் போட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். பெண்ணாய்ப் பிறந்ததற்குக் கிடைக்கும் சலுகைகள் குறைவு. இது ஒன்றையாவது எங்களிடம் விட்டுவையுங்கள்.

உடனே கைக்கு வருவது நம்பிக்கை நிதியும் சேவைக்காலப் பணமும்தான். சேவைக்காலப் பணம் மாதச் சம்பளக்காரருக்கு ஒரு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். உங்களுக்கு 30,000ஐ 28ஆல் பெருக்கினால் 840,000 ரூபாய். 55 வயது வரை 36 மாதங்கள். அந்தப் பணத்தை 36ஆல் வகுத்தால் மாதம் 23,333 ரூபாய். மூன்றாம் வருடக் கடைசியில் அதில் ஒரு சதமும் இருக்காது. நம்பிக்கை நிதி இதற்கு மேல் வரும். ஆனால் அது சம்பளத்தில் 3 வீதமாகச் சேர்ந்த பணம், சேமலாப நிதிக்குச் சேர்வதோ 20 வீதம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்காதீர்கள்.

அடுத்தது வட்டி. இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் எங்கள் பாதையிலேயே இதனால் அடிபட்டவர் ஒருவர் இருக்கிறார். 2023 தொடக்கத்தில் அவர் ஓய்வு பெற்றபோது ஒரு வருட நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தது. 20 இலட்சம் போட்டார். மாதம் 33,000 ரூபாய் வந்தது. மனிதர் தவணைக்குப் பெரிய தொலைக்காட்சி எடுத்தார், மகனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார், கோயில் திருவிழாவில் ஒருநாள் அன்னதானத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். 2024இல் அதே வைப்பைப் புதுப்பிக்கப் போனபோது வட்டி 8 வீதமளவுக்கு வந்திருந்தது. மாதத்துக்கு 13,000 ரூபாய். தவணை மட்டும் அப்படியே இருந்தது. அரிசி, மா, பருப்பு விலைகள் 2022இல் ஏறிய உயரத்திலிருந்து இறங்கினாலும் பழைய விலைக்குத் திரும்பவில்லை. வட்டி ஏறும்போது அது விலைவாசியைத் துரத்திக்கொண்டுதான் ஏறுகிறது. அதை வருமானம் என்று நினைத்ததுதான் அவர் செய்த பிழை.

நான் விட்ட காலத்தில் இதற்கு நேர் எதிர். 2019இல் ஓரளவு நல்ல வட்டி கிடைத்தது. 2021இல் அது பாதியாகத் தேய்ந்தது. அடுத்த வருடமே பெட்ரோல் வரிசை, எரிவாயு வரிசை, மின்வெட்டு. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம் என்று வானொலியில் சொன்னபோது நான் அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தேன். கோதுமை மா விற்ற விலைக்கு ரொட்டி சுடுவது கல்யாண வீட்டுக் காரியமாகிவிட்டது. அந்த வருடம் நாங்கள் வங்கியில் போட்ட முதல் பணத்தில் கைவைக்காமல் தப்பியதற்குக் காரணம் சிக்கனம் அல்ல. பாதையோரமாக இருந்த முன் அறையைத் தையற்கடைக்கு வாடகைக்கு விட்டோம். வரவேற்பறை போய்விட்டது. விருந்தாளிகள் இப்போது நேராகக் குசினிக்கு வருகிறார்கள், சீக்கிரம் கிளம்பியும் விடுகிறார்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்? முழங்காலோடு இரவு வேலை செய்யச் சொல்ல மாட்டேன். பகல் வேலையாகவோ எடைபோடும் பக்கமாகவோ மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மூன்று வருடம் எப்படியாவது அங்கே ஒட்டிக்கொண்டிருந்தால் சேமலாப நிதியும் வளரும், சேவைக்காலப் பணமும் வளரும். அதுவும் முடியாது என்றால், வருடாந்தச் செலவைக் கொப்பியில் எழுதிப் பார்த்துவிட்டு விடுங்கள். அதைப் பற்றிக் கீழே வேறொருவருக்குச் சொல்கிறேன்.

இன்னொன்று. தொழிற்சாலைக் குவாட்டர்ஸில் இருக்கிறீர்களா? அதை நீங்கள் எழுதவேயில்லை. வேலையோடு வீடும் போகும். கையில் வரும் பணத்தில் நிலம் வாங்கி, வீடு கட்டி, மீதியின் வட்டியில் வாழ்வதென்றால் அந்த மீதி எங்கே இருக்கிறது? நான் வேலையை விட்டது 2018இல், ஆனால் இந்த 12 பேர்ச்சஸை வாங்கியது 2004இல். நடுவிலிருந்த 14 வருடமும் ஒவ்வொரு போனஸுக்கும் கொஞ்சம் கல், கொஞ்சம் சிமெந்து என்று கட்டினோம். என் ஓய்வு தொடங்கியது அந்த 2004இல்தான்.

கேள்வி: தேயிலைச் செலவை எப்படிக் குறைப்பது? நாங்கள் இருவர் மட்டும் இருக்கும் வீட்டில் மாதம் ஒரு கிலோ முடிகிறது.
(தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: அக்கா, ஒரு கிலோவா! வேலையில் இருந்தவரை எனக்கும் தோட்டத்திலிருந்து மாதாமாதம் தேயிலைத்தூள் கிடைத்தது. விட்டு வந்த முதல் மாதம் கடையில் பொட்டலம் கேட்டு வாங்கியபோது கூச்சமாக இருந்தது. சுற்றிவர நாலு பக்கமும் தேயிலை மலை. உங்களுக்குச் சொல்வதற்கு ஒன்றுதான் இருக்கிறது. தூள் சிறுத்தால் சாயம் சீக்கிரம் இறங்கும். டஸ்ட் வகை வாங்கினால் பெரிய இலைத்தூளை விடக் குறைவாகப் போட்டால் போதும். மற்றபடி தேநீரைக் குறைக்கச் சொல்லும் துணிவு எனக்கில்லை. மாதம் ஒரு கிலோ என்றால் வீட்டுக்கு வருகிறவர்களைத்தான் எண்ண வேண்டும்.

கேள்வி: என் கணவர் 55இல் ஓய்வு பெற்றார். அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. பால்மா பக்கெட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டுகிறார். சவர்க்காரத்தைப் பாதியாக வெட்டி வைக்கிறார். மாதம் 35,000க்குள் இருக்க வேண்டும் என்று சட்டம். அப்படியே இருக்கவும் செய்கிறோம். ஆனாலும் வருடக் கடைசியில் வங்கிப் புத்தகத்தில் பணம் குறைந்திருக்கிறது. நான்தான் திருடுகிறேன் என்பதுபோல் பார்க்கிறார்.
(ஹட்டனிலிருந்து ஒரு வாசகி)

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். 2019இல் அவரும் சவர்க்காரம் வெட்டியவர்தான்.

உங்கள் கணவர் கெட்டவர் அல்ல, பயந்துபோயிருக்கிறார். அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு. ஆனால் அவர் தேடுகிற ஓட்டை பால்மாவில் இல்லை. பணம் போவது மாதக் கணக்குக்கு வெளியே.

கடந்த 2025ஆம் வருடத்துக்கான என் கொப்பியை அப்படியே சொல்கிறேன். சாப்பாடு, மின்சாரம், தண்ணீர், எரிவாயு, பஸ், தொலைபேசி, இவருடைய மாத்திரைகளில் கிளினிக்கில் கிடைக்காதவை எல்லாம் சேர்த்து மாதம் சராசரி 38,000 ரூபாய். வருடத்துக்கு 456,000. இதுதான் நான் யார் கேட்டாலும் பெருமையாகச் சொல்லும் கணக்கு. இனிமேல்தான் உண்மைக் கணக்கு. கூரைத் தகடு மாற்றியது 62,000. கல்யாணம், சடங்கு, காதுகுத்து, எட்டு, பதினாறு என்று மொய்யும் போய்வந்த செலவும் 41,000. தீபாவளி, பொங்கல், சித்திரை மூன்றுக்கும் 34,000. எனக்குக் கண்ணாடியும் இவருக்குப் பல்லும் 23,500. பதுளையில் மகளின் பிரசவத்துக்குப் போய்வந்தது 19,000. கோயில் வரி 6,000. கூட்டினால் 185,500. ஆக வருடச் செலவு 641,500. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 53,458 ரூபாய். 38,000 என்று நான் சொன்னது பொய். வேண்டுமென்று சொன்ன பொய்யல்ல, மாதக் கணக்கு எனக்குச் சொன்ன பொய்.

இதில் எதை "எதிர்பாராத செலவு" என்று சொல்வீர்கள்? தீபாவளி ஒவ்வொரு வருடமும் வருகிறது. மழை வருடத்தில் பாதி நாள் பெய்கிற ஊரில் தகரம் துருப்பிடிக்கும் என்பது எனக்குத் தெரியாதா? மகளுக்குப் பிரசவம் என்பதையே எட்டு மாதம் முன்னால் சொல்லிவிட்டார்கள். தோட்டத்தில் இருக்கும்போது தீபாவளிக்கு முற்பணம் தருவார்கள், பிறகு மாதாமாதம் சம்பளத்தில் கழிப்பார்கள். அதனால் தீபாவளியைத் தனிச் செலவாக நாம் பார்த்ததேயில்லை. சம்பளம் நின்றதும் அந்தத் தவணைகளெல்லாம் ஒன்றாக முகத்துக்கு நேரே வந்து நிற்கின்றன.

நான் செய்வதைச் சொல்கிறேன். செக்ரோல் எழுதிப் பழகிய கை என்பதால் அதேபோல ஒரு கொப்பி. இடது பக்கம் நாள், வலது பக்கம் தலைப்புகள். அதில் மொய்க்கு ஒரு தலைப்பு, கூரைக்கு ஒரு தலைப்பு, பண்டிகைக்கு ஒரு தலைப்பு. தனியாக ஒரு சேமிப்புப் புத்தகம் திறந்து, வட்டி வரும் அன்றே 15,500 ரூபாயை அதில் போட்டுவிடுகிறேன். அது கிட்டத்தட்ட என் 185,500இன் பன்னிரண்டில் ஒரு பங்கு. கல்யாணப் பத்திரிகை வந்தால் அந்தப் புத்தகத்திலிருந்துதான் எடுப்பேன். இந்த ஏற்பாடு வந்த பிறகு எங்கள் வீட்டில் சவர்க்காரம் முழுதாகவே இருக்கிறது.

மொய் விஷயத்தில் மட்டும் கடுமையாக ஒன்று சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சம்பளம் வாங்கிய காலத்தில் 5,000 எழுதிய வீட்டுக்கு இப்போது 2,000 எழுதுவதற்கு எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. எழுதிய அன்று இரவு தூங்கவில்லை. மறுநாள் அந்த வீட்டுக்காரி வழக்கம்போல வந்து பச்சை மிளகாய் கேட்டுவிட்டுப் போனாள். மரண வீட்டுக்கு மட்டும் நான் குறைப்பதில்லை. மரண உதவிச் சங்கச் சந்தாவையும் ஒருமாதம்கூடத் தவறவிட்டதில்லை. நமக்கும் நாலு பேர் வேண்டும்.

குசினியைக் காலியாக வைத்திருப்பதையும் சிக்கனம் என்று உங்கள் கணவர் நினைத்தால், 2025 நவம்பரை நினைவுபடுத்துங்கள். டித்வா புயலோடு மண்சரிந்து மலைநாட்டுப் பாதைகள் அடைபட்ட நாட்களில் எங்கள் வீட்டில் பத்துக் கிலோ அரிசியும் பருப்பும் நெத்தலியும் மண்ணெண்ணெயும் இருந்தன. இரும்புப்பெட்டியில் 20,000 ரூபாய் தாளாக இருந்தது. அந்த வாரம் வங்கிப் புத்தகத்தில் எவ்வளவு இருந்தது என்பது யாருக்கும் உதவவில்லை.

பால்மாப் பூட்டின் சாவியைக் கேட்டு வாங்குங்கள். பதிலுக்குக் கொப்பி எழுதும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். பயந்தவருக்கு ஒரு வேலை வேண்டும்.

கேள்வி: இரண்டு மாதமாக மின்கட்டணம் ஏறக்குறைய இரண்டு மடங்காக வருகிறது. புதிதாக வாங்கியது குளிக்கச் சுடுநீர் தரும் ஹீட்டர் ஒன்றுதான். அதையும் காலையில் மட்டும் போடுகிறோம்.
(பண்டாரவளையிலிருந்து ஒருவர்)

பதில்: இதை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன். அவர் சொன்னதை எழுதுகிறேன்.

வீட்டு மின்கட்டணம் படிபடியாக ஏறுவது எல்லாருக்கும் தெரியும். தெரியாத விஷயம், 60 அலகு என்ற வரம்பைத் தாண்டினால் தாண்டிய அலகுகளுக்கு மட்டும் விலை கூடுவதில்லை என்பது. முதல் 60 அலகுகளும் வேறு, கூடிய விலைக்கு மாறிவிடும். மாதாந்த நிலையான கட்டணமும் ஏறும். அதனால் 58க்கும் 63க்கும் வித்தியாசம் ஐந்து அலகு அல்ல. உங்கள் ஹீட்டர் 3 கிலோவாட் என்றால் இருபது நிமிடத்துக்கு ஓர் அலகு. காலையில் இருவர் குளித்தால் மாதம் 30 அலகு. வரம்பில் பாதியைக் குளியலறையே குடித்துவிடுகிறது.

எங்கள் வீட்டில் இவர் ஒவ்வொரு ஞாயிறும் மீட்டரைப் பார்த்துச் சுவரில் பென்சிலால் எழுதுவார். மாதம் 52 அலகுக்குள் நிற்கிறது. ஸ்திரிக்கை வாரத்தில் ஒருநாள். குளிக்கத் தண்ணீர் விறகடுப்பில், கவ்வாத்து முடிந்த மலையிலிருந்து வாங்கிய மிலாறில், அதாவது வெட்டிப்போட்ட தேயிலைக் கிளைகளில், சுடுகிறது. மலைநாட்டில் இருப்பதில் ஒரு லாபம், மின்விசிறி என்ற சாமானே தேவையில்லை. நட்டம், சுடுதண்ணீர் இல்லாமல் 55 வயதுக்கு மேல் குளிக்க முடியாது. அதனால் ஹீட்டரைக் கழற்றச் சொல்லவில்லை. ஒருவர் குளித்த சூட்டிலேயே அடுத்தவர் குளிக்கட்டும், மீட்டரை வாரம் ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: அம்மா 32 வருடம் கொழுந்து எடுத்தவர். இப்போது வயது 56, இடுப்பு வலியால் வேலைக்குப் பெயர் பதியப் போவதில்லை. சேமலாப நிதிக்கு விண்ணப்பித்தால் பெயர் பிழை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டத்துப் பதிவில் இன்னொரு பெயர். என்ன செய்வது? அவருக்குச் சேவைக்காலப் பணம் எவ்வளவு வரும்?
(புசல்லாவையிலிருந்து ஒரு மகள்)

பதில்: மகளே, இந்தக் கேள்விக்குப் பதில் எழுதும் முன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பிழையை எழுதியவர்கள் என்னைப் போன்றவர்கள்தான். காலை ஆறு மணிக்கு, வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக் களத்தில் கம்பளிக்குள்ளிருந்து ஒரு பெண் தன் பெயரைச் சொல்வாள். லெட்சுமியா, லட்சுமியா, இலட்சுமியா, விஜயலட்சுமியா என்று திருப்பிக் கேட்க நேரமிருக்காது. ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் ஆறுபேர் இருந்தால் தகப்பன் பெயரை முன்னால் போடுவோம், அல்லது வீட்டில் கூப்பிடும் பெயரைப் போடுவோம். அது ஆங்கிலத்துக்குப் போய் இன்னொரு எழுத்தை இழக்கும். முப்பது வருடம் கழித்து அந்த ஓர் எழுத்துக்காக ஒரு பெண் பஸ் ஏறி இறங்குகிறாள். வேலையை விட்ட பிறகு இப்படி வந்த பதினேழு பேருக்குப் பத்திரங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். காசு வாங்கவில்லை. வாங்கக் கூடாது என்பது என் கணக்கு.

செய்ய வேண்டியது இது. பிறப்புச் சான்றிதழ், அது இல்லாவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழ். தேசிய அடையாள அட்டை. கல்யாணச் சான்றிதழ் இருந்தால் அதுவும். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக்கடதாசி. அதே விஷயத்தைச் சொல்லி, சேமலாப நிதி அங்கத்துவ இலக்கத்தோடு தோட்ட அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம். கிராம உத்தியோகத்தரிடமிருந்தும் ஒன்று. எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்து, பிரதேசத் தொழில் அலுவலகத்துக்கு அம்மாவையே கூட்டிக்கொண்டு போங்கள். தபாலில் அனுப்பாதீர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அம்மாவின் கையைப் பார்க்கட்டும். பேர் தெரியாத தரகர் ஒருவர் அலுவலக வாசலில் வந்து "ஐந்து வீதம் தந்தால் முடித்துத் தருகிறேன்" என்பார். வேண்டாம்.

சேவைக்காலப் பணம் நாட்கூலிக்காரருக்கு ஒரு வருடத்துக்கு 14 நாள் கூலி. 2024இல் வந்த 1,350 ரூபாய் அடிப்படைக் கூலியை வைத்துப் பார்த்தால் 18,900ஐ 32ஆல் பெருக்கி 604,800 ரூபாய். கடைசியாக வாங்கிய கூலியின் மேல்தான் கணக்கு. 1,000 ரூபாய் இருந்த காலத்தில் விட்டிருந்தால் 448,000 மட்டும்தான். வேலையை விட்டு 30 நாளுக்குள் தர வேண்டும் என்பது 1983ஆம் ஆண்டுச் சட்டம். பிந்தினால் மேலதிகமாக 10 வீதத்தில் தொடங்கி, ஒரு வருடம் கடந்தால் 30 வீதம் வரை சேர்த்துத் தர வேண்டும். அதையும் தொழில் அலுவலகத்தில் கேளுங்கள். தோட்டத்தில் உங்களுக்கு யாரும் வந்து சொல்லமாட்டார்கள். நானும் அந்தக் காலத்தில் யாருக்கும் சொன்னதில்லை.

பணம் வந்தால் முதல் வேலை, அம்மாவின் நகை எங்காவது அடகில் இருந்தால் மீட்பது. அடகுக்குக் கட்டும் வட்டி வைப்புக்குக் கிடைக்கும் வட்டியை விட அதிகம். ஒரு கையால் வாங்கி மறு கையால் கூடக் கொடுக்கிற வேலை எதற்கு? மீதியை அம்மாவின் பெயரில் மட்டும் போடுங்கள். உங்கள் அண்ணன்மார் கோபப்படட்டும்.

கேள்வி: தெரிந்தவர் மூலமாக ஒரு நிறுவனத்தில் பணம் போட்டால் மாதம் 5 வீதம் தருகிறார்கள். நான்கு மாதமாகச் சரியாக வருகிறது. சேவைக்காலப் பணம் முழுவதையும் போடலாமா?
(நோர்வூட்டிலிருந்து ஒருவர்)

பதில்: கூடாது. மாதம் 5 என்றால் வருடத்துக்கு 60. 2022 நெருக்கடியின் உச்சத்தில்கூட வங்கிகள் பொதுவாக அதில் பாதிகூடத் தரவில்லை. தம்பி, நான்கு மாதமாக உங்களுக்கு வந்தது உங்களுக்குப் பிறகு போட்டவருடைய பணம். 2020இல் ஒரு தெரிந்தவரை நம்பி நான் 150,000 கொடுத்தேன். அவரிடமிருந்தும் முதல் நான்கு மாதம் மணி அடித்தாற்போல வந்தது.

மத்திய வங்கியின் அனுமதிப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால்கூட வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் வரைதான். அதனால் அதற்கு மேல் இருப்பவர்கள் இரண்டு இடத்தில் பிரித்துப் போடுங்கள். மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று தவணையையும் பிரித்தால் வட்டி விழுந்த ஒரே நாளில் எல்லாவற்றையும் புதுப்பிக்கும் கதி வராது. 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 வீதம் நிறுத்திவைத்தல் வரி கழிக்கிறார்கள். வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் இருப்பவர்கள் வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் கழிக்கமாட்டார்கள். எங்கள் கிளையில் அந்தப் படிவத்தை நானாகக் கேட்டுத்தான் வாங்கினேன். மூத்த பிரஜைகளுக்கான விசேட வட்டி 60 வயதுக்குத்தான். எனக்கே இன்னும் நாள் இருக்கிறது.

கேள்வி: வீட்டுத்தோட்டம் போட்டால் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்?
(இராகலையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: எல்லாரும் நினைக்கிற அளவுக்கு இல்லை. கீரை, பச்சை மிளகாய், லீக்ஸ், வல்லாரை, கறிவேப்பிலை, வேலியோரம் போஞ்சி, இவை வைத்தால் சந்தைக்குப் போகும் பையின் பாரம் குறையும். மாதம் மூவாயிரம், நாலாயிரம் மிச்சமாகும். கோவாவும் கரட்டும் உங்கள் பக்கத்தில் விளையும் காலத்தில் சந்தையில் கொட்டிக் கிடக்கும். அவற்றை வீட்டில் போட்டு உரத்துக்குச் செலவழிப்பது வீண்.

உருளைக்கிழங்கு போட வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். கேட்கவில்லை. கிழங்கு விளைந்தது உண்மை, நாங்கள் தோண்டுவதற்கு இரண்டு நாள் முன்னால் முள்ளம்பன்றி வந்து தோண்டிவிட்டது. கொப்பியில் "விதைக்கிழங்கு 4,800" என்று செலவுப் பக்கம் எழுதியிருக்கிறேன். வரவுப் பக்கத்தில் இவர் தன் கையெழுத்தில் "முள் 11" என்று எழுதி வைத்திருக்கிறார்.